பரவல் தடைக்குக் கிராம் கணக்கு. ஆயுதக் களைவுக்கு யார் கணக்கு?

பரிதி (கேள்வி):

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தின் பதினோரு பிரிவுகளையும் அண்மையில் முழுமையாகப் படித்தேன். உலகின் தலையெழுத்தோடு தொடர்புடைய ஓர் ஆவணம் இத்தனை சிறியதாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. படித்து முடித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. இங்குள்ளவர்களில் சர்வதேசச் சட்டமும் அணு அறிவியலும் கற்றவர்கள் அதற்கு விளக்கம் தருவார்கள் என்று நம்புகிறேன்.

ஒப்பந்தத்தின் 3ஆவது பிரிவு, அணு ஆயுதம் இல்லாத நாடுகள் சர்வதேச அணுசக்தி முகமையுடன் கண்காணிப்பு உடன்படிக்கை செய்துகொள்ள வேண்டும் என்கிறது. பேச்சுவார்த்தையை எத்தனை நாளில் தொடங்க வேண்டும் என்பதற்கு 180 நாள் கணக்கும், தொடங்கிய நாளிலிருந்து உடன்படிக்கை நடைமுறைக்கு வருவதற்கு 18 மாதக் கெடுவும் அதிலேயே எழுதப்பட்டுள்ளன. அந்த உடன்படிக்கையின் கீழ் 8 கிலோ புளுட்டோனியமோ, உயர் செறிவூட்டப்பட்ட (அதாவது யுரேனியம்-235இன் பங்கு கூட்டப்பட்ட) யுரேனியத்தில் 25 கிலோ யுரேனியம்-235ஓ காணாமல் போனால் அதை உரிய காலத்துக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது முகமையின் இலக்கு. கேமராக்கள், முத்திரைகள், முன்னறிவிப்பற்ற சோதனைகள் எல்லாம் அதற்காகவே.

அப்படியே 6ஆவது பிரிவுக்கு வாருங்கள். அணு ஆயுதப் போட்டியை விரைவில் நிறுத்துவதற்கும் ஆயுதக் களைவுக்கும் உரிய நடவடிக்கைகள் குறித்து நல்லெண்ணத்துடன் பேச்சுவார்த்தை நடத்துவதாக ஒவ்வொரு உறுப்பு நாடும் உறுதி கூறுகிறது. அவ்வளவுதான். கெடு இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, தவறினால் என்ன என்ற பேச்சும் இல்லை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 1970 மார்ச் 5 அன்று. அரை நூற்றாண்டுக்கு மேல் கடந்த பிறகும் உலகில் ஏறத்தாழ 12,000 அணு வெடிமுனைகள் இருக்கின்றன.

என் கேள்வி இதுதான். ஒரு தரப்பின் கடமையைக் கிராம் கணக்கில் சோதிக்க முடிகிறபோது, மறு தரப்பின் கடமையைச் சோதிக்க ஏற்பாடே இல்லாமல் போனது எப்படி? சோதிக்கும் தொழில்நுட்பம் உண்மையிலேயே இல்லையா, அல்லது அரசியல் விருப்பம் இல்லையா? இரண்டும்தான் என்று பொதுவாகச் சொல்லிவிடாமல், எது எங்கே தடையாக நிற்கிறது என்று பிரித்துக் காட்டினால் மகிழ்வேன்.

சேந்தன்:

நண்பர் பரிதி கேட்டிருப்பது ஒப்பந்தத்தின் பிறப்பிலேயே இருக்கும் கேள்வி. நான் சட்ட வரலாற்றை மட்டும் சொல்கிறேன். தொழில்நுட்பத்தை அறிந்தவர்கள் தொடரட்டும்.

1967 ஆகஸ்டில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் ஜெனீவாவில் கூடிய பதினெட்டு நாடுகளின் ஆயுதக் களைவுக் குழுவின் முன் ஒரே மாதிரியான இரண்டு வரைவுகளை வைத்தன. அந்த வரைவுகளில் 6ஆவது பிரிவு என்று இன்று நாம் அறிவது எதுவும் இல்லை. ஆயுதக் களைவு பற்றிய பேச்சு முகவுரையோடு நின்றுவிட்டது. முகவுரையில் வருவது விருப்பமே தவிரக் கடமை ஆகாது. ஆனால் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே ஐ.நா. பொதுச் சபை தனது 2028ஆம் எண் தீர்மானத்தில், வரவிருக்கும் ஒப்பந்தத்தில் ஆயுதம் உள்ள நாடுகளுக்கும் இல்லாத நாடுகளுக்கும் இடையே பொறுப்புகளும் கடமைகளும் ஏற்கத்தக்க வகையில் சமன்பட்டிருக்க வேண்டும் என்று கூறியிருந்தது. அணிசேரா நாடுகள் அந்தத் தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடின. மெக்சிகோ முன்வைத்த திருத்தத்தின் சாரம்தான், பலமுறை இளக்கப்பட்டு, 6ஆவது பிரிவாக உள்ளே வந்தது. அணு வெடிப்புச் சோதனைத் தடை, குண்டுக்கான அணுப் பொருள் உற்பத்தி நிறுத்தம் என்று நடவடிக்கைகளைப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்று சில நாடுகள் கேட்டும், பெரிய நாடுகள் இரண்டும் அதற்கு இசையவில்லை. ஆகவே 6ஆவது பிரிவில் கெடு இல்லாதது மறதியால் நேர்ந்தது அன்று. கேட்டு மறுக்கப்பட்ட ஒன்று அது.

இதன் சட்ட மதிப்பு என்ன என்ற கேள்வி 1996 ஜூலை 8 அன்று சர்வதேச நீதிமன்றம் வழங்கிய ஆலோசனைக் கருத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அணு ஆயுதப் பயன்பாடு சட்டத்துக்குப் புறம்பானதா என்பதில் நீதிபதிகள் ஏழுக்கு ஏழு என்று பிரிந்து, தலைவரின் முடிவு வாக்கால்தான் தீர்வு எட்டப்பட்டது. ஆனால் 6ஆவது பிரிவு குறித்து ஒருவர் கூட மாறுபடவில்லை. பேச்சுவார்த்தை நடத்துவது மட்டுமன்று, அதை ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதும் கடமையே என்று நீதிமன்றம் ஒருமனதாகக் கூறியது. பலர் இந்தப் பகுதியைக் கவனிப்பதே இல்லை.

அந்தக் கருத்தைக் கையில் எடுத்துக்கொண்டு 2014இல் மார்ஷல் தீவுகள் அணு ஆயுதம் வைத்துள்ள ஒன்பது நாடுகள் மீதும் வழக்குத் தொடுக்க முயன்றது. 1946 முதல் 1958 வரை 67 அணு வெடிப்புச் சோதனைகளைத் தன் மண்ணிலும் கடலிலும் தாங்கிய நாடு அது. நீதிமன்றத்தின் கட்டாய அதிகாரத்தை ஏற்றிருந்த பிரிட்டன், இந்தியா, பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகள் மீதான வழக்குகள் மட்டுமே விசாரணை வரை வந்தன. 2016 அக்டோபரில் மூன்றும் தள்ளுபடியாயின. பிரிட்டன் வழக்கில் வாக்குகள் எட்டுக்கு எட்டு. வழக்கு தொடுக்கும் முன்பு இரு நாடுகளுக்கும் இடையே ‘தகராறு’ ஒன்று இருந்ததாக நிறுவப்படவில்லை என்பதுதான் காரணம். கடமை மீறப்பட்டதா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை. என் பார்வையில் இது சட்ட நுணுக்கத்தின் பின்னால் ஒதுங்கிக்கொண்ட தீர்ப்பு. மாறுபட்ட நீதிபதிகளின் குறிப்புகளும் ஏறத்தாழ அதே தொனியில்தான் அமைந்துள்ளன.

நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு கண்காணிப்பு உண்டு என்றால் அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை கூடும் மறு ஆய்வு மாநாடுதான். ஒப்பந்தம் முதலில் 25 ஆண்டுகளுக்கே செய்யப்பட்டது என்பதை நினைவில் கொள்ளுங்கள். 1995இல் இலங்கையின் ஜயந்த தனபால தலைமையில் நடந்த மாநாட்டில், வாக்கெடுப்பின்றி, அது காலவரையறை இல்லாமல் நீட்டிக்கப்பட்டது. ஆயுதமற்ற நாடுகளின் கையில் இருந்த ஒரே பேரம் பேசும் கருவி ‘மறுபடி நீட்டிப்போமா’ என்ற கேள்வியே. அன்று அது கைவிட்டுப் போயிற்று. பதிலுக்குக் கிடைத்தவை வாக்குறுதிகள். 2000ஆம் ஆண்டு மாநாடு 13 நடைமுறைப் படிகளை ஏற்றது. ஏவுகணைகளை இடைமறிக்கும் அமைப்புகளுக்கு வரம்பு வைத்த ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்தைக் காத்து வலுப்படுத்துவது அவற்றுள் ஒன்று. 2002இல் அமெரிக்கா அந்த ஒப்பந்தத்திலிருந்து வெளியேறிவிட்டது. 2005, 2015, 2022 மாநாடுகள் மூன்றும் ஒப்புக்கொள்ளப்பட்ட இறுதி ஆவணம் இல்லாமலேயே கலைந்தன.

நிலவன்:

சேந்தன் அவர்கள் சட்டப் பக்கத்தைத் தெளிவாக வைத்துவிட்டார். நான் சோதனைப் பக்கத்துக்கு வருகிறேன். தொழில்நுட்பம் இல்லை என்பது பாதி உண்மைதான். எந்தப் பாதி என்று பார்ப்போம்.

பரவல் தடைச் சோதனையின் பொருள் மூலப்பொருள். உலையிலோ செறிவூட்டல் ஆலையிலோ எவ்வளவு உள்ளே போயிற்று, எவ்வளவு வெளியே வந்தது என்பதற்கான வரவு செலவுக் கணக்கே அதன் முதுகெலும்பு. கொள்கலன் ஒன்றைப் பூட்டி, அதில் செம்பாலான சிறு முத்திரையைப் பொருத்துவார்கள். அந்த முத்திரையின் உட்புறத்தில் இருக்கும் தாறுமாறான கீறல்களை முன்கூட்டியே படமெடுத்து வைத்திருப்பார்கள். பின்னாளில் கழற்றி, முகமையின் தலைமையகம் உள்ள வியன்னாவுக்கு எடுத்துச் சென்று பழைய படத்தோடு ஒப்பிடும்போது, இடையில் யாரேனும் மாற்றியிருந்தால் தெரிந்துவிடும். இத்தகைய எளிய கருவிகளோடு, துடைப்பு மாதிரி என்ற ஒரு முறையும் உண்டு. சிறு பருத்தித் துணியால் சுவரையும் மேசையையும் குழாயையும் துடைத்து எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளே போதும், அங்கே என்ன நடந்தது என்று சொல்லிவிடும்.

இதற்கு வட கொரியாவை விடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. 1992இல் அந்நாடு தான் ஒரே ஒரு முறை, 1990இல், ஏறத்தாழ 90 கிராம் புளுட்டோனியத்தைப் பிரித்தெடுத்ததாக அறிவித்தது. புளுட்டோனியத்தின் ஒரு வகை மெல்ல மெல்ல அமெரிசியமாக மாறும் இயல்புடையது. பிரித்தெடுத்த நாளிலிருந்து அந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்நாட்டின் அணு மையமான யோங்பியோனில் எடுத்த மாதிரிகளில் அமெரிசியத்தின் அளவைப் பார்த்த முகமை, பிரித்தெடுப்பு ஒருமுறை நடந்ததன்று, வெவ்வேறு ஆண்டுகளில் பலமுறை நடந்திருக்கிறது என்று கண்டுபிடித்தது. கழிவுகள் வைக்கப்பட்டிருப்பதாகக் கருதப்பட்ட, அறிவிக்கப்படாத இரண்டு இடங்களைப் பார்க்க அனுமதி கேட்டது, அனுமதி மறுக்கப்பட்டது, 1993 மார்ச்சில் வட கொரியா ஒப்பந்தத்திலிருந்து விலகும் அறிவிப்பைக் கொடுத்தது. சோதனை தோற்றுவிட்டது என்று இதை நினைப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், சோதனை தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது. அதன் பிறகு என்ன செய்வது என்பதில்தான் உலகம் தடுமாறியது.

ஆயுதக் களைவுச் சோதனையில் பொருள் வேறு. அங்கே சோதிக்க வேண்டியது ஒரு வெடிமுனை. அதில் எவ்வளவு புளுட்டோனியம் இருக்கிறது, அதன் வடிவம் என்ன, ஐசோடோப்பு விகிதம் என்ன என்பவை அனைத்தும் இரகசியம். வெறும் தற்பெருமைக்காக வைத்துள்ள இரகசியமும் அன்று: ஆயுதம் இல்லாத ஒரு நாட்டின் சோதனையாளர் அந்த விவரங்களைத் தெரிந்துகொண்டால், அதுவே, ஆயுதத்தையோ அதைச் செய்ய உதவியையோ தருவதையும் பெறுவதையும் தடுக்கும் ஒப்பந்தத்தின் முதல் இரண்டு பிரிவுகளை மீறிய பரவலாகிவிடும். உண்மையான வெடிமுனைதானா என்று அறிந்தாக வேண்டும். ஆனால் வெடிமுனையைப் பற்றி எதையும் அறியக் கூடாது. சிக்கலின் மையம் இங்கேதான்.

அமெரிக்காவும் ரஷ்யாவும் இத்தனை காலம் இதை எப்படிக் கடந்தன? கடக்கவில்லை, சுற்றிக்கொண்டு போயின. வெடிமுனைகளை எண்ணாமல் அவற்றைச் சுமக்கும் ஏவுகணைகளையும் விமானங்களையும் நீர்மூழ்கிகளையும் எண்ணின. 1987இல் கையெழுத்தான நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தத்தின்படி 1991க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. அவற்றின் வெடிமுனைகள் கழற்றி எடுத்துச் செல்லப்பட்டன, அழிக்கப்படவில்லை. சோவியத் நாட்டின் வோத்கின்ஸ்க் ஏவுகணை ஆலை வாசலில் அமெரிக்கச் சோதனையாளர்கள் 13 ஆண்டுகள் உட்கார்ந்து, வெளியே வரும் வாகனங்களைப் பார்த்தார்கள்; அமெரிக்காவின் யூட்டாவில் ரஷ்யர்கள் அதையே செய்தார்கள். இரு நாடுகளின் தொலைதூர அணு ஆயுதங்களுக்கு வரம்பு வைத்து 2011இல் நடைமுறைக்கு வந்த புதிய ஸ்டார்ட் ஒப்பந்தம் ஒரு படி மேலே போயிற்று. ஆண்டுக்கு 18 நேரடிச் சோதனைகள். சோதனையாளர் தளத்துக்கு வந்து தான் விரும்பும் ஏவுகணையைச் சுட்டிக்காட்டுவார், அதன் முகப்பைத் திறந்து காட்டுவார்கள், உள்ளே இருப்பவற்றின் மேல் உறை போட்டிருக்கும், உறைகளை எண்ணிக்கொள்ளலாம். ‘இந்த உறைக்குள் இருப்பது அணு ஆயுதம் அன்று’ என்று ஒருவர் சொன்னால் மட்டும், நியூட்ரான் அளவியை அருகில் வைத்துப் பார்க்கலாம். அணு ஆயுதம் அன்று என்பதை இப்படி நிறுவுவது எளிது. அணு ஆயுதம்தான் என்று நிறுவுவது கடினம்.

அந்தக் கடினமான பாதியிலும் யாரும் கைகட்டி உட்காரவில்லை. 1996இல் அமெரிக்கா, ரஷ்யா, சர்வதேச அணுசக்தி முகமை மூன்றும் சேர்ந்து, உபரி ஆயுதப் பொருளை இரகசியம் வெளிப்படாமல் சோதிக்கும் கருவிகளை உருவாக்கத் தொடங்கின. கருவி உள்ளே எல்லாவற்றையும் அளக்கும். வெளியே பச்சை விளக்கு அல்லது சிவப்பு விளக்கு மட்டுமே காட்டும். கருவிகள் உருவாயின, சட்ட வரைவும் உருவாயிற்று, 2002இல் அரசுகளின் ஆர்வம் வற்றி முயற்சி முடிந்தது. பின்னர் 2007இல் பிரிட்டனும் நார்வேயும் ஒரு பயிற்சியைத் தொடங்கின. அதில் நார்வே அணு ஆயுத நாடாக நடிக்க, பிரிட்டன் ஆயுதமற்ற நாடாக நின்று சோதித்தது. புளுட்டோனியத்துக்குப் பதிலாகக் கோபால்ட்-60 என்ற வேறொரு கதிரியக்கப் பொருளை வைத்துச் செய்த ஒத்திகை அது. இத்தகைய கருவிகளில் தீராமல் நிற்கும் கேள்வி: கருவியை யார் செய்வது? சோதிக்கப்படும் நாடு செய்தால், எப்போதும் பச்சை விளக்கு எரியும்படி செய்திருப்பார்களோ என்ற ஐயம். சோதிக்கும் நாடு செய்தால், உள்ளே ஒட்டுக்கேட்கும் பொறி இருக்குமோ என்ற அச்சம். இரண்டு தரப்பும் சேர்ந்து செய்து, பல கருவிகளிலிருந்து ஒன்றைக் குலுக்கலில் எடுப்பது போன்ற ஏற்பாடுகள் பேசப்படுகின்றன. தீர்க்கவே முடியாத சிக்கல் என்று துறையில் உள்ளவர்கள் யாரும் சொல்வதில்லை. பணமும் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவிடாத வேலையும் தேவைப்படும் சிக்கல் என்றே சொல்வார்கள்.

மதியழகி:

நிலவன் அவர்களின் விளக்கம் அருமையாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து ஒருவர் ‘கருவி கிடைத்துவிட்டால் ஆயுதம் குறைந்துவிடும்’ என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். வரலாறு தலைகீழாக நடந்திருக்கிறது: அரசு முடிவெடுத்த பிறகு சோதனைக்கு வழி பிறந்திருக்கிறது, சோதனைக்கு வழி இருந்ததால் அரசு முடிவெடுத்ததாக ஓர் எடுத்துக்காட்டும் எனக்குத் தெரியவில்லை.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். ஆறு குண்டுகளை முழுமையாகச் செய்து, ஏழாவதைப் பாதியில் வைத்திருந்த நாடு. தானே அவற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு, 1991 ஜூலையில் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்து, 1993 மார்ச்சில்தான் அதிபர் டி கிளர்க் நாடாளுமன்றத்தில் விவரத்தை வெளியிட்டார். முகமையின் சோதனையாளர்கள் உள்ளே போனபோது சோதிக்க ஒரு குண்டு கூட மிச்சமில்லை. ஆனாலும் அவர்கள் வேலையை முடித்தார்கள். செறிவூட்டல் ஆலையின் அன்றாட இயக்கப் பதிவேடுகளைப் புரட்டி, எவ்வளவு யுரேனியம் உற்பத்தி ஆகியிருக்க முடியும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, கையில் இருந்த இருப்போடு ஒப்பிட்டார்கள். கலஹாரியில் வெடிப்புச் சோதனைக்காகத் தோண்டப்பட்டிருந்த குழிகள் அவர்கள் கண்ணெதிரே அடைக்கப்பட்டன. பச்சை விளக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது எதையும் மறைக்க விரும்பாத ஓர் அரசு. அது அன்று இருந்தது. வெள்ளையர் ஆட்சி முடியப்போகிற நேரத்தில் அந்த முடிவுக்குப் பின்னால் இருந்த நோக்கங்கள் அத்தனையும் தூயவை என்று நான் சொல்ல வரவில்லை.

மாறாக, நன்றாக வேலை செய்த சோதனை அரசியலால் வீணானதற்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2015 ஜூலையில் ஈரானோடு செய்த உடன்படிக்கையில் செறிவூட்டலுக்கு 3.67 விழுக்காடு, இருப்புக்கு 300 கிலோ என்று வரம்பு வைத்து, வேறெந்த நாட்டிலும் இல்லாத அளவு நுணுக்கமான கண்காணிப்பை ஏற்படுத்தினார்கள். ஈரான் வரம்புகளுக்குள் இருப்பதாக முகமை தொடர்ந்து அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தபோதே, 2018 மே 8 அன்று அமெரிக்கா விலகியது. 2021 ஏப்ரலில் ஈரான் 60 விழுக்காடு வரை செறிவூட்டத் தொடங்கியது. இயற்கை யுரேனியத்தில் யுரேனியம்-235 இருப்பது 0.7 விழுக்காடு. அங்கிருந்து 20 விழுக்காட்டை எட்டுவதற்குள்ளேயே குண்டுக்கான செறிவூட்டல் உழைப்பில் பத்தில் ஒன்பது பங்கு முடிந்துவிடுகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், 60 என்பது எவ்வளவு அருகில் என்று விளங்கும். 2025 ஜூனில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு சோதனையாளர்கள் வெளியேற நேர்ந்ததையும் பார்த்தோம். பத்தாண்டு உழைத்துக் கட்டியதை அரசியல் இப்படிக் கலைத்தது.

ஆயுதத்தைக் கைவிட்டவர்களுக்குக் கிடைத்தது என்ன என்பதையும் தலைநகரங்களில் இருப்பவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். சோவியத் ஒன்றியம் சிதறியபோது உக்ரைன் மண்ணில் ஏறத்தாழ 1,900 தொலைதூர அணு வெடிமுனைகள் இருந்தன. அவற்றை ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம்தான் இருந்தது என்பதும் உண்மை. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் அமெரிக்கா, பிரிட்டன், ரஷ்யா மூன்றும் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. 1996க்குள் கடைசி வெடிமுனையும் ரஷ்யாவுக்குப் போயிற்று. 2014இலும் 2022இலும் ரஷ்யாவே உக்ரைனுக்குள் படையோடு நுழைந்தது எல்லோருக்கும் தெரியும். லிபியா 2003 டிசம்பரில் தன் திட்டத்தைக் கைவிட்டது; 2011இல் அந்த ஆட்சி வெளிநாட்டு விமானப் படைகளின் துணையோடு வீழ்த்தப்பட்டது. வட கொரியா இந்தப் பாடத்தை வெளிப்படையாகவே சொல்லிக் காட்டுகிறது. கஜகஸ்தான் போன்ற எதிர்மாறான எடுத்துக்காட்டும் உண்டு. 456 வெடிப்புச் சோதனைகள் நடந்த செமிபலாட்டின்ஸ்க் தளத்தை 1991 ஆகஸ்டில் மூடி, வெடிமுனைகளை அனுப்பிவிட்டு, எந்தத் தீங்கும் இன்றி நற்பெயரோடு இருக்கும் நாடு அது. ஆனால் அச்சத்தில் இருக்கும் ஓர் அரசு எந்த எடுத்துக்காட்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பரிதி அவர்கள் கெடு இல்லை என்று வருந்தியதற்கு ஒரு செய்தி. 2017 ஜூலை 7 அன்று 122 நாடுகள் ஆதரித்து வாக்களித்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இப்போது கெடு இருக்கிறது. 2022இல் வியன்னாவில் நடந்த முதல் கூட்டத்தில், ஆயுதத்தோடு சேரும் நாடு 10 ஆண்டுகளுக்குள் அவற்றை அழிக்க வேண்டும், பிற நாட்டின் ஆயுதத்தைத் தன் மண்ணில் வைத்திருக்கும் நாடு 90 நாட்களில் அகற்ற வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அழிப்பைச் சோதிக்கும் அமைப்பைப் பின்னர் அமர்த்திக்கொள்ளலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். ஆயுதம் வைத்துள்ள ஒன்பது நாடுகளில் ஒன்று கூட அதில் கையெழுத்திடவில்லை. கெடு எழுதப்பட்ட ஒப்பந்தத்தில் ஆயுத நாடுகள் இல்லை. அவற்றுள் ஐந்து இருக்கிற பரவல் தடை ஒப்பந்தத்தில் கெடு இல்லை.

நிலவன்:

மதியழகி அவர்களின் வாதத்தை முக்கால் பங்கு ஏற்கிறேன். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். சோதனை அமைப்பு அரசியல் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டும் என்றால், முடிவெடுக்கும் நாளில் கையில் எதுவும் இருக்காது. அணு வெடிப்புகளைத் தடுக்கும் முழுமையான சோதனைத் தடை ஒப்பந்தம் இதற்கு எதிர்ச்சான்று. 1996இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட அது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை; ஒப்புதல் தந்தாக வேண்டிய 44 நாடுகளில் அமெரிக்கா, சீனா, இந்தியா, பாகிஸ்தான் உள்ளிட்ட சில தரவில்லை; தந்திருந்த ரஷ்யாவும் 2023 நவம்பரில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் 337 இடங்களுக்குத் திட்டமிடப்பட்ட அதன் கண்காணிப்பு வலையில் மிகப் பெரும் பகுதி கட்டப்பட்டு இயங்குகிறது. நில அதிர்வு, கடலடி ஒலி, காதுக்கு எட்டாத தாழ் ஒலி, காற்றில் கலந்த கதிரியக்கத் துகள் என நான்கையும் அது கவனிக்கிறது. 2006 அக்டோபரில் வட கொரியா வெடித்த முதல் குண்டு ஒரு கிலோடன்னுக்கும் குறைவானது. அதையே அந்த வலை பிடித்துவிட்டது. ஒப்பந்தம் உயிர் பெறாமலேயே அதன் கண்கள் திறந்திருக்கின்றன. இரகசியமாக வெடித்துத் தப்பிவிடலாம் என்ற எண்ணம் யாருக்கும் எழாததற்கு அந்த வலையும் ஒரு காரணம்.

இன்னொன்று: புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தின் நேரடிச் சோதனைகள் 2020 மார்ச்சில் தொற்றுநோய் காரணமாக நின்றன, 2023 பிப்ரவரியில் ரஷ்யா ஒப்பந்தத்தையே இடைநிறுத்தியது, 2026 பிப்ரவரி 5 அன்று, இதற்கு மேல் நீட்டிக்க இடமில்லாத அதன் காலம் முடிந்தது. ஒருவர் தளத்துக்கு மற்றவர் போய் ஏவுகணையைத் திறந்து பார்த்த அனுபவமுள்ளவர்கள் இரு நாடுகளிலும் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அடுத்த உடன்படிக்கைக்கு விருப்பம் பிறக்கிற நாளில், அந்தக் கைப்பழக்கத்தை முதலிலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கும் என்பது அரசியல்வாதிகள் யாரும் கணக்கில் எடுக்காத செலவு.

பரிதி:

மூவருக்கும் மிக்க நன்றி. வெடிமுனையைச் சோதிப்பது ஏன் வேறு வகையான வேலை என்பது இப்போதுதான் எனக்கு விளங்கியது. ஒரு துணைக் கேள்வி மட்டும். ஒரு நாடு பரவல் தடை ஒப்பந்தத்தில் உறுப்பினராக இருக்கும் வரை வெளிநாட்டு உலை, எரிபொருள், பயிற்சி எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டு, பிறகு 10ஆவது பிரிவின் கீழ் மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து விலகிவிட்டால், அந்தப் பொருட்களின் கதி என்ன? கண்காணிப்பும் அத்தோடு முடிந்துவிடுமா?

சேந்தன்:

முடிந்துவிடும் என்பதுதான் கசப்பான விடை. அதில் சில விலக்குகள் உண்டு.

ஒப்பந்தத்தின் அடிப்படையில் செய்துகொண்ட முழுமையான கண்காணிப்பு உடன்படிக்கை, அந்த நாடு ஒப்பந்தத்தில் உறுப்பினராக இருக்கும் வரைதான் உயிரோடு இருக்கும். விலகல் நடைமுறைக்கு வந்ததும் அதுவும் காலாவதியாகும். அதற்கு முந்தைய காலத்தில் குறிப்பிட்ட உலை அல்லது பொருளுக்கென்று தனியாகச் செய்யப்பட்ட பழைய வகை உடன்படிக்கைகள் ஏதேனும் இருந்தால் அவை தொடரலாம். உலையை விற்ற நாடு தன் இருதரப்பு ஒப்பந்தத்தில் ‘விலகினால் திருப்பிக் கொடு’ என்ற விதியை எழுதியிருந்தால், சட்டப்படி அதைக் கேட்கலாம். இயங்கிக் கதிரியக்கம் ஏறிய உலையை யார் பெயர்த்துக்கொண்டு போவது என்பது வேறு கேள்வி.

10ஆவது பிரிவு கேட்பது இரண்டே: தன் உயர்ந்த நலன்களுக்கு ஊறு விளைவித்த அசாதாரண நிகழ்வுகள் என்னவென்று அறிக்கை, உறுப்பு நாடுகளுக்கும் பாதுகாப்புச் சபைக்கும் மூன்று மாத அறிவிப்பு. அந்த நிகழ்வுகள் உண்மையானவையா என்று மதிப்பிடும் அதிகாரம் யாருக்கும் தரப்படவில்லை. 1993 மார்ச் 12 அன்று விலகலை அறிவித்த வட கொரியா, மூன்று மாதம் நிறைவதற்கு ஒரு நாள் இருக்கையில், ஜூன் 11 அன்று அதை நிறுத்தி வைத்தது. 2003 ஜனவரி 10 அன்று மறுபடி அறிவித்தபோது, பழைய அறிவிப்பில் ஒரு நாள்தான் பாக்கி, ஆகவே நாளையே விலகல் முழுமையாகிவிடும் என்றது. பிற நாடுகள் இந்தக் கணக்கை ஒருமித்து ஏற்கவும் இல்லை, ஒருமித்து மறுக்கவும் இல்லை. மறு ஆய்வு மாநாடுகளில் அந்நாட்டின் பெயர்ப் பலகையைத் தலைவர் தம் பொறுப்பில் எடுத்து வைத்துக்கொண்டு, உறுப்பினரா இல்லையா என்ற கேள்வியை எழுப்பாமலேயே கூட்டத்தை நடத்தும் வழக்கம் அதிலிருந்து வந்ததே.

இந்த ஓட்டையை அடைக்க நடந்த முயற்சிகளில் குறிப்பிடத்தக்கது 2009 செப்டம்பர் 24 அன்று பாதுகாப்புச் சபை ஏற்ற 1887ஆம் எண் தீர்மானம். விலகுவதற்கு முன்பு செய்த மீறல்களுக்கு அந்த நாடே பொறுப்பு என்று அது கூறுகிறது. அணுப் பொருளையும் கருவிகளையும் ஏற்றுமதி செய்யும் நாடுகள், வாங்கும் நாடு விலகினால் அவற்றைத் திருப்பிக் கேட்கும் உரிமையை விற்பனை நிபந்தனையாகவே வைக்க வேண்டும் என்றும் ஊக்குவிக்கிறது. ஊக்குவிக்கிறதே தவிர, கட்டாயப்படுத்தவில்லை. 10ஆவது பிரிவையே திருத்தலாம் என்றால், திருத்தத்துக்கு உறுப்பு நாடுகளில் பெரும்பான்மையோடு, ஒப்பந்தம் அணு ஆயுத நாடுகளாக ஏற்கும் ஐந்து நாடுகள் அனைத்தின் ஒப்புதலும், முகமையின் ஆளுநர் குழுவில் இருக்கும் உறுப்பு நாடுகள் அனைத்தின் ஒப்புதலும் வேண்டும். அப்போதும் கூட, ஒப்புதல் தந்த நாட்டை மட்டுமே அது கட்டுப்படுத்தும். எனவே இப்போதைக்கு நம்பக் கூடிய பாதுகாப்பு விற்பனை ஒப்பந்தத்தின் வாசகம்தான். அதைத்தான் ஒவ்வொரு உலை விற்பனையின்போதும் கவனமாகப் பார்க்க வேண்டும்.